விஸ்கி மடத்தில் நின்றவர்

வெயிலில் வந்த விருந்தாளிக்கு முதலில் கொடுக்க வேண்டியது தேசிக்காய்த் தண்ணீர். சீனி கொஞ்சம், உப்பு ஒரு கிள்ளு. விஸ்கியை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆறு வருடம் அந்த வீட்டுக்கு வந்தவர்களை நான் அப்படித்தான் வரவேற்றேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஐயா, நீங்கள் சமாதான நீதவான் என்ற முறையில் அனுப்பிய சத்தியக் கடதாசி போன கிழமை கிடைத்தது. லண்டனில் இருக்கும் சத்தியபாமா கேட்டுக்கொண்டபடி தயாரித்ததாக எழுதியிருந்தீர்கள். அவளுடைய கணவர் வைத்திலிங்கம் 1990 ஆவணியில், இராணுவம் எங்கள் தீவில் வந்திறங்கிய நாட்களில், கரம்பொன்னில் காணாமற்போனதைப் பற்றி நான் சத்தியம் செய்து ஒப்பமிட வேண்டும். ஐந்து வருடமாகிறது, அவளுக்கும் ஒரு முடிவு தெரிய வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் மூன்றாம் வரியில் ஒரு பிழை இருக்கிறது. பிழையான கடதாசியில் சத்தியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பரிமளம். வயது அறுபத்திரண்டு. வீடு என் பெரியப்பாவின் மகன் அரியநாயகம் அண்ணையுடையது. வைத்திலிங்கம் அவருடைய ஒரே பிள்ளை.

அண்ணைக்கு மலைநாட்டில் கடை. தேயிலைத் தோட்டத்துத் துரைமார், அதிலும் ஸ்கொட்லாந்துக்காரர், அவருடைய வாடிக்கைக்காரர். அவர்கள் ஊர் திரும்பும்போது அன்பளிப்பாகக் கொடுத்த போத்தல்களை அண்ணை கரம்பொன்னுக்கு அனுப்பிவிடுவார். கடையில் வைத்தால் அவர் மனைவி, என் மச்சாள், கண்டு சாக்கடைக் கானுக்குள் ஊற்றிவிடுவா என்ற பயம். துரைமார் எல்லாரும் போய் முடிந்த பிறகும், அந்தப் பழக்கத்தில், தானே வாங்கிச் சேர்த்தார். 83 ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. மச்சாள் அதற்கு முன்பே காலமாகிவிட்டா. கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது அண்ணையின் கையில் ஒரு குடை மட்டும் இருந்தது. மிஞ்சிய சொத்து இந்த வீடும், அதன் பின்பக்கத்து அறையில் அடுக்கியிருந்த நூற்றுச் சொச்சம் போத்தல்களும்தான்.

வேறு ஆளென்றால் விற்றுத் தள்ளியிருப்பார். அண்ணை வீட்டையே ஸ்கொட்லாந்து ஆக்கினார். வந்து நிற்பவர்களுக்கென்று ஐந்து அறை. விஸ்கி பிறக்கும் ஐந்து சீமைகளின் பெயர்களைப் பனம்பலகையில் வெட்டுவித்து ஐந்து வாசலிலும் அடித்தார்: ஐலா, ஸ்பேசைட், ஹைலண்ட், லோலண்ட், காம்பெல்ரவுண். எந்த அறையோ அந்தச் சீமை விஸ்கி, பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு கிளாஸ், கூடவே பொரித்த கணவாய். கொழும்பு உத்தியோகத்தர் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து தங்கள் வீட்டுக் கூரை விழுந்து கிடக்கக் கண்டவர்கள் வந்தார்கள். நயினாதீவு அம்மனைக் கும்பிட வந்தவர்களும் உண்டு. அம்மனிடம் போகுமுன் விரதம், போய் வந்த பிறகு ஐலா.

நான் ஒருநாளும் ஒரு துளி வாயில் வைத்ததில்லை. ஆனால் மூடியைத் திறந்தால் எந்தச் சீமை என்று சொல்லிவிடுவேன். ஐலாவின் மணம் சுட்ட கருவாட்டில் அயோடின் பூசியது போலிருக்கும். ஒரு பென்சன்காரர் மட்டும், நெற்றியில் அம்மன் குங்குமம் காயுமுன்னே, கண்ணை மூடிக்கொண்டு, "யாகப்புகை மாதிரிக் கிடக்கு, பிள்ளை" என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போனேன்.

ஊரார் அதை விஸ்கி மடம் என்றார்கள். "பரிமளத்துக்கு இடத்தைக் குடுத்தார், மடத்தைப் பிடுங்கியிட்டா" என்று கிணற்றடியில் எனக்குக் கேட்கவே சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு அது நொந்தது. நான் ஒருவரிடமும் ஒன்றையும் பிடுங்கியதில்லை.

எப்படி அங்கே வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். 1970 இல் என் புருஷன் பாம்பு கடித்து இறந்தார். பிள்ளைகள் இல்லை. மைத்துனர் வீட்டில் ஒரு வருடம் நின்றேன். தங்கச்சி வீட்டில் எட்டு மாதம் நின்றேன். இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள், ஐயா. எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரர் இருப்பார், விருந்தாளி நிற்பார். கட்டிலில் காலை நீட்டிக் குறட்டை விட்டாலும் விருந்தாளி நிற்கிறார் என்றுதான் பேச்சு. இரண்டு வருடத்துக்குக் கிட்ட நான் நின்றுகொண்டே இருந்தேன். கால் கடுத்துப்போன நேரத்தில்தான் அரியநாயகம் அண்ணை வந்து வீட்டுப் பூட்டுகளின் திறப்புக் கோர்வையை என் கையில் தந்தார்.

"பரிமளம், நீ இஞ்ச இரு" என்றார்.

நில் என்று சொல்லவில்லை. இரு என்றார். நான் குசினிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். குசினிக்குப் பக்கத்து அறை அன்றிலிருந்து என் அறை. ஒரு கட்டில், ஒரு அலுமாரி, கிணற்றைப் பார்த்த ஒரு யன்னல். எனக்கு அது போதும்.

அண்ணை 89 மாசியில் நெஞ்சுநோவில் போய்விட்டார். அடுத்த வருடம் வைகாசியில், சண்டை ஓய்ந்திருந்த அந்தக் கொஞ்ச நாட்களுக்குள், மகன் லண்டனிலிருந்து வந்தார். மலைநாட்டில் பிறந்து, விடுதியில் நின்று படித்து, இருபது வயதில் சீமைக்குப் போனவர். தீவுக்கு விடுமுறைக்கு வந்ததோடு சரி. நல்ல மனிதர். அதை நான் மறைக்க மாட்டேன். குரலை உயர்த்திப் பேசியதில்லை. எனக்கென்று ஒரு கம்பளிச் சட்டை கொண்டுவந்திருந்தார். கரம்பொன் வெயிலுக்குக் கம்பளிச் சட்டை. ஆனாலும் நினைத்துக் கொண்டுவந்தாரே என்று வாங்கி வைத்தேன்.

தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்துக் கிளாஸைத் திருப்பித் தந்தபடி, "மாமி, நீங்கள் இஞ்ச கனகாலமா நிக்கிறியளோ?" என்று கேட்டார்.

"ஓம் தம்பி, கொஞ்சக் காலம்" என்றேன்.

கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. யோசித்துச் சொன்ன சொல்லென்றால் பதில் சொல்லியிருப்பேன். அது யோசியாமல், தன்பாட்டில் வந்த சொல்.

வந்த மூன்றாம் கிழமை தச்சனாரைக் கூப்பிட்டு ஒரு பலகை வெட்டுவித்தார். எனக்குக் காட்டுவதற்காகக் குசினி வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஆறாவது அறைக்கு, மாமி. ஸ்கொட்லாந்தில தீவுகளின்ர விஸ்கி எண்டு வேறயா ஒண்டு கிடக்கு. அப்பா அதை விட்டிட்டார். 'தீவுகள்' எண்டு பேர் வைச்சால் எங்கட இடத்துக்கும் பொருந்தும்."

"ஆறாவது அறை எது, தம்பி?"

"குசினிக்குப் பக்கத்தில கிடக்கிறதுதான்."

"அதில நான் இருக்கிறன்."

"தெரியும் மாமி. நான் உங்களுக்கு யாழ்ப்பாணத்தில நல்ல இடமாப் பாத்து வைக்கிறன். வயது போன ஆக்கள் வசதியா நிக்கிற இடம்."

சொல்லிக்கொண்டே என் அறைக் கதவில் பலகையை வைத்து அளவு பார்த்தார். தனியே பிடிக்க அவருக்கு ஏலாமல் இருந்தது. மற்ற முனையை நான் பிடித்துக் கொடுத்தேன். வீட்டு உறுதிப் பத்திரம் அவர் பெயரில் இருக்கிறது, வாதாட என்ன இருக்கிறது? அன்று முதல் அவர் அந்த வீட்டில் நிற்கவில்லை, இருந்தார். நிற்பது நான். பின்னால் வருவதற்கு இது முக்கியம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஆனி மாதம் திரும்பவும் சண்டை தொடங்கியது. கொழும்புப் பாதை மூடிவிட்டது. தகப்பனின் நேர்த்தி ஒன்று இருக்கிறதென்று ஆடியில் நயினாதீவுக்குப் போனவர், திரும்பி வந்து குறிகட்டுவான் படகுத்துறையில் லோஞ்சிலிருந்து இறங்கும்போது பாசியில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் முறிந்துவிட்டது. முறிவுப் பரியாரியார் பத்துப் போட்டு, மட்டை வைத்துக் கட்டி, ஆறு கிழமைக்குக் கால் நிலத்தில் படக்கூடாது என்றார். நான் கழுவித் துடைத்து, கஞ்சி வைத்துக் கொடுத்து, ஒரு குறையுமில்லாமல் பார்த்தேன். பெற்ற தாய் பார்த்தாலும் அப்படிப் பார்த்திருக்க மாட்டா. அவரே அப்படிச் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது.

ஆவணியில் கடல் பக்கமிருந்து ஷெல் வரத் தொடங்கியது. வீட்டில் பலமான இடம் போத்தல் அறைதான். முருகைக்கல் சுவர், ஒரு முழத் தடிப்பு. யன்னல் கிடையாது, மேலே காற்றுக்கு இரண்டு துவாரம் மட்டும். பழைய காலத்தில் நெல் வைத்த அறை. அவருடைய கட்டிலை அதற்குள் போடுவித்தேன். "நல்ல யோசனை, மாமி" என்றார்.

சனம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்கிட்டது. பால் கொண்டுவரும் அன்னபூரணம், தானும் போகப்போவதாகச் சொல்ல வந்தவள், "லண்டன் தம்பி வெளிக்கிட்டிட்டாரோ?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். எங்கள் ஊரில் தலையாட்டினால் ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். அவள் ஓம் என்று எடுத்துக்கொண்டாள். போகிற வழியில் நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறாள். அதற்கு நான் பொறுப்பில்லை. அந்த நேரத்தில் என் மனதில் ஒரு திட்டமும் இருக்கவில்லை. திட்டம் இருந்திருந்தால் வாயால் சொல்லியிருப்பேன்.

கடைசி நாள் காலை, தேத்தண்ணீரும் பாணும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டிலருகே ஒரு குடம் தண்ணீர் வைத்தேன். ஒரு பேணி பிஸ்கற். விளக்கு, நெருப்புப்பெட்டி. இவ்வளவும் எதற்கு மாமி என்று சிரித்தார். நான் வர நேரம் செல்லும் என்றேன். வெளியே வந்து கதவைப் பூட்டினேன். போத்தல் அறையைப் பூட்டாமல் விட்டு வாசல் தாண்டிய நாள் ஆறு வருடத்தில் ஒன்றுகூட இல்லை. கை தன்பாட்டில் செய்கிற வேலை அது. திறப்பை மடியில் கட்டிக்கொண்டேன். என் ட்ரங்குப் பெட்டியை முதல்நாளே அடுக்கி வைத்திருந்தேன்.

எட்டு மணிக்கு எங்கள் ஒழுங்கை ஐயாத்துரை ட்ரக்டரோடு வந்தார். பின்னால் இழுக்கிற பெட்டி நிறையச் சனம். ஆமி கிட்ட வந்துவிட்டதென்றும், கடலுக்கு அந்தப்பக்கம் அராலிக்குப் போகும் வள்ளங்கள் இனிக் காத்து நிற்காதென்றும் சொன்னார்.

"பரிமளக்கா, கெதியா ஏறுங்கோ. இதுதான் கடைசி. உள்ளுக்கு ஆரும் நிக்கினமோ?"

"ஒருத்தரும் நிக்கேல்லை, தம்பி" என்றேன்.

ஐயா, இந்த வசனத்தை நான் ஐந்து வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். பொய் இல்லை. ஐயாத்துரை கேட்டது நிற்பவர்களைப் பற்றி. வைத்திலிங்கம் வீட்டுக்காரர். வீட்டுக்காரர் இருப்பார். உள்ளே ஆரும் இருக்கினமோ என்று கேட்டிருந்தால் ஓம் என்று சொல்லியிருப்பேன். அவர் அப்படிக் கேட்கவில்லை.

இப்போது நான் கொக்குவிலில், தூரத்துச் சொந்தம் ஒன்றின் வீட்டில் நிற்கிறேன். இது மூன்றாவது வீடு. நல்ல சனம். மார்கழிப் பனிக்கு அந்தக் கம்பளிச் சட்டை உதவுகிறது. 'தீவுகள்' பலகையையும் கையோடு கொண்டுவந்தேன், தண்ணீர்ப்பானைக்கு மூடியாகக் கிடக்கிறது. தீவு இராணுவத்தின் கையில் இருப்பதால் அந்த வீடு என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. அங்கிருந்து வந்தவர்களிடம் நான் கேட்டதுமில்லை. சத்தியபாமாவின் முதற் கடிதத்துக்கு, ஆமி வந்துவிட்டது என்று மட்டும் பதில் எழுதினேன். அதுவும் பொய்யல்ல. ஆமி வந்ததுதான்.

கடதாசியின் மூன்றாம் வரியில், "மேற்படியார் வீட்டைவிட்டு வெளியேறிச் சென்ற பின்னர் காணாமற்போனார்" என்று இருக்கிறது. அவர் வெளியேறவில்லை. அதைத் திருத்த வேண்டும். போத்தல் அறைத் திறப்பை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பூட்டு பழையது. திறப்பைப் போட்டுக் கொஞ்சம் மேலே தூக்கித் திருப்ப வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அதை விட்டால் இதுவும் பிழையான கடதாசி ஆகிவிடும். நான் ட்ரக்டர் பெட்டியில் ஒரு காலை வைத்தபோது உள்ளேயிருந்து கூப்பிட்ட சத்தம் கேட்டது. ட்ரக்டர்ச் சத்தத்தில் ஐயாத்துரைக்குக் கேட்கவில்லை. பிள்ளைகளின் அழுகையில் மற்றவர்களுக்கும் கேட்கவில்லை. பத்தொன்பது வருடம் அந்த வீட்டுச் சத்தங்களோடு இருந்த காதுக்குக் கேட்டது.

"மாமி, நான் இஞ்ச நிக்கிறன். மாமி, நான் இஞ்ச நிக்கிறன்."

மற்றக் காலையும் தூக்கி வைத்தேன். மனம் அவ்வளவு ஆறுதலாக இருந்தது. நிற்கிறேன் என்றுதான் சொன்னார், ஐயா. இருக்கிறேன் என்று சொல்லவில்லை.