முதலாண்டு வகுப்பை விட்டுச் செல்லும் வேய் ஷியூலான் டீச்சருக்கு

மின்னணுக் கல்வியின் முதற்படியில் நின்று முரண்டு பிடித்த பிள்ளைகளையெல்லாம் முகம் சுளிக்காமல் ஏற்றிவிட்ட பெருந்தகையே! பொசுங்கிய வாடையிலும் பொறுமை இழக்காத பேராசிரியையே! சாங்ஹுவா தொழிற்பள்ளி ஆசிரியர்கள் யாம், வாழ்த்த வந்த வாயால் வருத்தமும் சொல்கிறோம்.

மின்தடை என்றால் என்னவென்று நீங்கள் எழுதிப் போட்டதில்லை. ஜவ்வரிசி உருண்டைகள் போட்ட முத்துத் தேநீரின் தடித்த குழலையும் சோயாப்பாலின் மெல்லிய குழலையும் நீட்டி, "ரெண்டுலயும் உறிஞ்சிப் பாருங்கடா" என்பீர்கள். கன்னம் ஒட்டிப்போன பிள்ளைகளுக்குத் தடை அன்றே விளங்கியது. டிரான்சிஸ்டருக்கு மூன்று கால். பேஸ் என்னும் காலில் துளி மின்சாரம் தொட்டால் மற்ற இரண்டுக்கும் நடுவே வெள்ளமாய் ஓடும். துளி அளவு மீறினால் பாகமே கருகும். ஆகவே அந்த வாசலில் ஒரு தடையை நிறுத்து. இதை ஆளுக்கு ஒன்றை எரித்துப் பார்த்த பிறகே சொல்வீர்கள்.

சென்ற பள்ளிக் கண்காட்சியில், ரோபோ பாடம் நடத்தும் தூ போஹானின் இயந்திரக் கை அசையவில்லை. இயந்திரம் சொன்னபடி கேட்கட்டும் என்று ராசிக்காக நாம் அதன்மேல் வைக்கும் பச்சை உறை நொறுக்குத்தீனிப் பொட்டலத்தை அவர் மாற்றி மாற்றி வைத்தார்.

"தேதி முடிஞ்ச பொட்டலம் டீச்சர், அதான் மெஷின் கோவிச்சுக்கிச்சு."

"பொட்டலம் புதுசுதான் தம்பி. பேஸ் கால்ல தடை வெச்சியா?"

வைக்கவில்லை. அவரே முதலில் சிரித்தார்.

நீங்கள் ஓய்வு பெறுவதால் முதலாண்டு வகுப்பு யாருக்கு என்று தலைமையாசிரியர் கேட்டபோது, எங்கள் எல்லோருக்கும் தேநீர்க் கோப்பையில் அவசர வேலை வந்துவிட்டது. மேல்வகுப்புக்கு முண்டியடிக்கிறவர்கள் நாங்கள். "ஆளில்லன்னா அந்த வகுப்பையே மூடிடலாம்" என்று பேச்சு வந்தது. நீங்களோ அடுத்து வரும் பிள்ளைகளுக்கென்று பாகங்களை டப்பா டப்பாவாகப் பிரித்து வைத்தீர்கள்.

நேற்று போஹான் எழுந்தார். "நான் எடுக்கறேன். ஆனா அவங்க எப்படிச் சொல்லிக் குடுப்பாங்கன்னு ஒருநாள்கூட உக்காந்து கேட்டதில்லையே" என்றார். அடுத்தடுத்த அறைகளில் பாடம் நடத்தியும் நாங்கள் யாருமே கேட்டதில்லை. நாளை நீங்கள் தொலைதூர ஹுவாலியனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

நோயின்றி நெடிது வாழ்க; பேரப்பிள்ளைகள் சூழ மகிழ்ந்து வாழ்க. இந்த வழியனுப்பு விருந்து சற்று ஆறினாலும் பரவாயில்லை டீச்சர். குழல்கள் வாங்கி வைத்திருக்கிறோம். அந்த முதல் பாடத்தை இப்போது எங்களுக்கு எடுங்கள்.

இவண்,
உங்கள் கடைசி மாணவர்கள்,
மின்னணுத் துறை ஆசிரியர்கள்