என் முட்டியைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்

பேசுகிறவர் எத்தனை நீட்டினாலும் கடிகாரத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து, முகத்தில் காட்டாமல் அமர்ந்திருக்கும் பண்பாளர், சங்கத் தலைவர் பசீர் அகமது அவர்களே! ஆறு மாதம் ஓடி ஓடி உழைத்து இந்தச் சித்திரை விழாவை உருவாக்கிய செயலாளர், அன்புத் தம்பி நெடுஞ்செழியன் அவர்களே! வெஸ்ட் வின்ட்சரிலிருந்தும் மான்மவுத் ஜங்ஷனிலிருந்தும் கொட்டும் மழையில் வந்து, நனைந்த குடையைக் காலடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் பெரியோர்களே! ஊரில் வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, பேரப்பிள்ளைகளுக்காகக் கடல் கடந்து அமெரிக்கா வந்திருக்கும் தாய்மார்களே! தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லி, தமிழில் திட்டினால் மட்டும் உடனே புரிந்துகொள்ளும் கடைசி வரிசைச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் நஞ்சப்பன் வீட்டு வள்ளியின் பணிவான வணக்கம்.

'மூத்தோரும் சாலைப் பாதுகாப்பும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பத்து நிமிடம். என்ன பேச வேண்டும் என்று தம்பி நெடுஞ்செழியன் அழகாக எழுதியும் கொடுத்தார். அந்தத் தாளை மடித்து மடியில் வைத்திருக்கிறேன். மன்னித்துக்கொள் தம்பி, இன்றைக்கு அதைப் பிரிக்கப் போவதில்லை.

இங்கே நாம் குடியிருக்கும் இந்த ஊரில் நூலகத்துக்கும் கடைவீதிக்கும் நடுவே, சாலையை நடந்து கடப்பதற்கு, வானவில் நிறத்தில் ஒரு கிராஸ்வாக் இருக்கிறது. ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள், இவர்களும் இந்த ஊர்க்காரர்களே என்று சொல்வதற்காகப் போட்ட நிறம் அது. அதை அழித்துக் கறுப்புத் தார் பூச வேண்டும் என்று ஊர் மன்றத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை மாலை விசாரணை. மனுவில் சொல்லியிருக்கும் காரணம் ஒன்றே ஒன்று: 'எழுபத்தொரு வயது மூதாட்டி ஒருவர், வழுக்கும் இந்த நிறப்பூச்சில் விழுந்து முட்டி எலும்பை முறித்துக்கொண்டார்.' நம் சங்கமும் ஆமாம் என்று அதற்குத் துணைக் கடிதம் கொடுத்திருக்கிறது.

அந்த மூதாட்டி யார்?

என் பேத்தி வெண்பாதான் அந்த மனுவைப் படித்துச் சொன்னாள். படித்துவிட்டுச் சிரித்தாள். "பாட்டி, தட்ஸ் யூ! யு ஆர் ஃபேமஸ்!" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், இந்த அரங்கில் இருக்கும் நானூறு பேரில் எனக்கு மட்டும் தெரிந்த செய்தி ஒன்று உண்டு.

அந்த நிறம் என்னை விழ வைக்கவில்லை.

அமைதி, அமைதி. முழுதும் கேளுங்கள்.

பிப்ரவரி மாதம். முதல் நாள் உருகிய பனி மறுநாள் காலையில் கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. வீட்டில் கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது. என் மகன் முகிலன் எனக்கென்று வாங்கிக் கொடுத்த பனி பூட்ஸ் அலமாரியில் விலைச்சீட்டுக்கூடக் கழற்றாமல் இருந்தது. அதை மாட்டினால் காலில் இரண்டு வெல்ல மூட்டையைக் கட்டியது போல இருக்கிறது என்று நான் தொடுவதே இல்லை. கட்டைவிரல் பிரித்த சாக்ஸ், அதற்கு மேல் ரப்பர் செருப்பு, இப்படித்தான் கிளம்பினேன். சிரிக்கிற தாய்மார்களே, உங்களில் எத்தனை பேர் வீட்டு வாசலில் அதே செருப்பு கிடக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

நடைபாதையின் விளிம்பில் கால் வைத்தேன். செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வானவில் தொடங்குவதற்கு இரண்டு அடி முன்னாலேயே விழுந்துவிட்டேன். விழுந்த பிறகுதான் நிறத்தையே பார்த்தேன். மூக்குக்கு நேராகச் சிவப்பு.

ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். நடுச்சாலையில் கையை நீட்டி வண்டிகளை நிறுத்தினாள். தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்தினாள். வலி தாங்காமல் நான் "ஐயோ சாமி" என்றதும், "அசையாதீங்க ஆன்ட்டி, ஆம்புலன்ஸ் வருது" என்றாள். தமிழ்ப்பெண்!

யார் வீட்டுப் பெண் என்று முன்வரிசையில் கேட்கிறார்கள். நம் ஆட்களுக்கு முதல் கேள்வியே அதுதான். சொல்லமாட்டேன். கேட்டுக் களைத்துப் போவீர்கள்.

"உங்க பையனுக்கு போன் பண்ணட்டுமா?" என்று அவள் கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பண்ணம்மா என்றுதானே! நான் சொன்னது, "கண்ணு, மொதல்ல அந்தச் செருப்ப எங்கியாச்சும் ஒளிச்சு வையி. பூட்ஸ் போடலீன்னு தெரிஞ்சா என்ற பையன் என்னைய ஊருக்கே அனுப்பிப் போடுவான். ஆருகிட்டயும் சொல்லாத." அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு அந்த ஈரச் செருப்பை எடுத்துத் தன் லேப்டாப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள்.

மருத்துவமனைக்கு முகிலன் ஓடி வந்தான். "எப்படிம்மா உளுந்தே?" என்றான். அவன் பார்வை என் காலுக்குப் போவதற்குள் முந்திக்கொண்டேன். "அந்தக் கலரு வழுக்கிருச்சு கண்ணு."

ஒரே ஒரு பொய். மாலைக்குள் அது நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. மறுநாள் நான் பத்தடி சறுக்கிப் போயிருந்தேன். மூன்றாம் நாள் பறந்துபோய் விழுந்திருந்தேன். அந்த நிறத்தை முன்பே பிடிக்காதவர்கள் ஊரில் சிலர் இருந்தார்கள். அவர்களிடம் காரணம்தான் இல்லாமல் இருந்தது. காரணத்தை நான் கொடுத்தேன். என் வாயால் கொடுத்தேன். பூட்ஸ் போடாததற்குத் திட்டு வாங்கக் கூசி, ஒரு கூட்டத்தையே தெருவிலிருந்து துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தேன்.

போன வாரம் வாசல் மணி அடித்தது. அதே பெண். கையில் ஒரு பை. உள்ளே என் செருப்பு, கழுவித் துடைத்து.

"உள்ள வா கண்ணு, காப்பி குடி" என்றேன். வரவில்லை. "இத குடுத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன் ஆன்ட்டி. கால் எப்படி இருக்கு?" என்றாள். அப்போது அவள் பையில் சின்னதாக ஒரு வானவில் பொத்தான் குத்தியிருந்ததைப் பார்த்தேன்.

"அந்த மனுவப் பத்தி உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். அந்த கிராஸ்வாக் போடறப்போ நானும் என் பார்ட்னரும் மண்டி போட்டுப் பெயின்ட் அடிச்சோம். பச்சை எங்களோடது."

"அப்ப இந்தச் செருப்பக் கொண்டுபோயி மன்றத்துல காட்டியிருக்கலாமல்லோ? ஒரே நாள்ல முடிஞ்சிருக்குமே!"

அவள் சொன்னாள்: "நீங்க யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு சொன்னீங்க ஆன்ட்டி. என்னைப் பத்தி எங்க அப்பா அம்மாகிட்ட நான் சொல்றதுக்கு முன்னாடி வேற ஒருத்தங்க சொல்லிட்டாங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதான்."

கோபம் இல்லை. குத்தல் இல்லை. படியிறங்கிப் போய்விட்டாள். என் மானம் அவள் பைக்குள் இரண்டு மாதம் இருந்தது. அவளுடைய மானத்தை நான் ஊர் மன்றத்தில் வைத்திருந்தேன்.

என்ன கிட்டுசாமி அண்ணா? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லாருக்கும் கேட்கட்டும். "அதெல்லாம் நம்ம கலாச்சாரம் இல்லீங்" என்கிறார். கேளுங்கள் அண்ணா, உங்களைக் கோபிக்க நான் யார்? அந்த நிறம் உங்களுக்கு வேண்டாமா? செவ்வாய்க்கிழமை எழுந்து நின்று, 'எனக்கு வேண்டாம்' என்று உங்கள் பெயரில் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் என் முட்டியின் பெயரில் சொல்லாதீர்கள்! என் முட்டியைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்! கலாச்சாரம், கலாச்சாரம் என்கிறோமே, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது அதில் சேருமா சேராதா? சேரும் என்றால், அன்றைக்கு அந்தத் தெருவில் நம் கலாச்சாரத்தைக் காப்பாற்றியது யார்? பொய் சொன்ன நானா? பொறுத்துக்கொண்ட அவளா?

இன்னொன்றும் சொல்கிறார்கள். "நிறம் எதற்கு? வெள்ளைக் கோடு போதாதா? யாரும் கடக்கலாமே!" நியாயமான கேள்வி. நானும் ஒன்று கேட்கிறேன்.

நூலக வாசலில் பலகை இருக்கிறது. பதினான்கு மொழிகளுக்குக் கீழே, பதினைந்தாவதாக, 'நல்வரவு' என்று நம் மொழி. அந்த ஐந்து எழுத்துக்காக இந்தச் சங்கம் எத்தனை ஆண்டு மனுக் கொடுத்தது, நெடுஞ்செழியா? நான்கு என்று விரலைக் காட்டுகிறார். நான்கு ஆண்டு! ஏன் கொடுத்தோம்? அந்த எழுத்து இல்லாவிட்டால் கதவு திறக்காதா? திறக்கும். புத்தகம் தரமாட்டார்களா? தருவார்கள். குளிருக்கு உள்ளே உட்காரவிடமாட்டார்களா? விடுவார்கள். பிறகு எதற்கு ஐயா அந்த எழுத்து?

எதற்கென்று என்னைக் கேளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அந்த வாசலை நூறு முறை கடந்திருக்கிறேன். ஒருமுறையும் உள்ளே போனதில்லை. படித்தவர்கள் போகிற இடம், நமக்கென்ன வேலை என்று ஒதுங்கியே போவேன். அந்தப் பலகையைப் படித்த நாள் நுழைந்தேன். கதவு அன்றைக்கும் அதே கதவுதான். என்னையும் எண்ணி எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

நிறத்தை அழித்தாலும் அவள் சாலையைக் கடப்பாள். வெள்ளைக் கோட்டிலும் கடப்பாள், வெறும் தாரிலும் கடப்பாள். ஆனால் தன்னை எண்ணி எழுதியதைத் தன் கண் முன்னே அழித்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு கடப்பாள். நம் ஐந்து எழுத்தை நாளைக்கு ஒருவர் சுரண்டினால் நமக்கு எரியுமா எரியாதா? நமக்கு எரியும் என்றால் அவளுக்கு எரியாதா? நமக்கு வேண்டும், அவளுக்கு வேண்டாம் என்றால், அது எந்த ஊர் நியாயம்? எந்த வாயால் அதைச் சொல்வோம்?

ஆகவே, தலைவர் அவர்களே, என் பொய்யை நம்பிச் சங்கம் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். செயற்குழு கூடிப் பேச வேண்டும் என்கிறார் தலைவர். பேசுங்கள். செவ்வாய்க்கு முன்னால் பேசுங்கள். அதுவரை நான் சும்மா இருக்கப் போவதில்லை. மன்றத்தில் நானே எழுந்து நிற்பேன். எங்கே விழுந்தேன், எதைப் போட்டுக்கொண்டு விழுந்தேன், ஏன் பொய் சொன்னேன், எல்லாவற்றையும் சொல்வேன். வெண்பா அதை ஆங்கிலத்தில் சொல்வாள். ஒரு சொல் கூட்டவும் மாட்டாள், ஒரு சொல் குறைக்கவும் மாட்டாள். என் பேத்தி அப்படிப்பட்டவள். எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியாது. யாராவது கூட்டிப்போனால்...

முகிலா, எதற்கு எழுந்து நிற்கிறாய்? திட்டுவதென்றால் வீட்டில் போய்த் திட்டு சாமி. என்ன? "செவ்வாக்கெழம ஆபீசுல இருந்து சீக்கிரமே ட்ரெய்ன் பிடிச்சு வந்தர்றேம்மா. நானே கூட்டிட்டுப் போறேன்" என்கிறான். சரி கண்ணு. கிட்டுசாமி அண்ணா, வண்டியில் இடமிருக்கிறது, நீங்களும் வாருங்கள். உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

கடைசியாக, பெயர் சொல்லாத அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை. இந்த அரங்கில் இருக்கிறாயா என்று நான் தேடவில்லை. இருந்தால் எழுந்திருக்க வேண்டாம், கைதட்ட வேண்டாம். உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதை நீ விரும்பும் நாளில் நீயே சொல். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதை இதோ நானே சொல்லிவிட்டேன். இனி நீ எனக்காக எதையும் மறைத்து வைக்க வேண்டியதில்லை, தாயே.

பத்து நிமிடம் கொடுத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்த தலைவருக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, சும்மா இருக்க வேண்டிய இடத்தில் சும்மா இருந்த உங்கள் எல்லாருக்கும் இந்த வள்ளியின் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம், போய் வருகிறேன்.