ஐஸ் பேக்டரி முக்கில் சைக்கிளுக்கு விழுந்த பச்சை

இந்த மாலைக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, மைக்கின் கழுத்தை அடிக்கடி திருகிப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் சதாசிவம் ஐயா அவர்களே! போக்குவரத்துச் சிக்னல் பிரிவிலிருந்து வந்து, நாற்காலி வேண்டாம் என்று மறுத்து, நம் தொல்லை தாங்காமல் உட்கார்ந்திருக்கும் பொறியாளர் வரலட்சுமி அம்மா அவர்களே! ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! வலையை வெயிலில் விரித்துவிட்டு வந்திருக்கும் குப்பத்துப் பெரியோர்களே! அடுப்பில் ஒன்றை வைத்துவிட்டு, காதை இங்கும் மனத்தை அங்குமாக வைத்திருக்கும் தாய்மார்களே! சைக்கிளைப் பூட்டாமல் நிறுத்தியதால் ஒரு கண்ணை அதன் மேலேயே வைத்திருக்கும் என் சக்கரச் சொந்தங்களே! உங்கள் அனைவருக்கும் ஷாரோனின் வணக்கம்.

நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். தினமும் காலையில் இந்த முக்கைச் சைக்கிளில் கடக்கிறவள். கடக்கக் காத்திருக்கிறவள் என்று சொன்னால்தான் சரி.

காத்திருப்பது சின்ன வேலையா? இல்லை. அது ஒரு தனி வாழ்க்கை. எதிரே சிவப்பு. பக்கத்தில் ஒரு முகம். தினமும் அதே முகம். எனக்கு அந்த முகம் பதருன்னிசாக்காவின் முகம்.

இடியாப்பக்கார அக்காவைத் தெரியாதவர் இங்கே யார்? சைக்கிளின் முன்னால் ஒரு கூடை, பின்னால் ஈயப் பானை, நடுவில் அக்கா. பானையின் மூடி இடுக்கிலிருந்து ஆவி வரும். அந்த ஆவி அடங்குவதற்குள் ரோட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் இருக்கிற பெண்கள் விடுதிக்கு அவர் போய்ச் சேர வேண்டும். அந்த விடுதிக்குக் கொடுக்கிற காலை நாஸ்தாதான் அவருடைய பிழைப்பு. தெருவில் விற்பதெல்லாம் அதற்குப் பிறகு மிஞ்சுவது.

இந்த முக்கில் சிக்னல் எப்படி வந்தது? மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். போன வருஷம் இதே இடத்தில் ஒரு கார் அக்காவின் சைக்கிளைத் தட்டியது. கையில் கட்டு. ரோடெல்லாம் இடியாப்பம். அந்தக் கட்டுக் கையோடு அவர் வாசல் வாசலாக ஏறினார். பள்ளிவாசல் தெரு, மாதா கோயில் தெரு, குப்பம், ஒன்றையும் விடவில்லை. எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். விளக்கு வந்தது! வந்த அன்று அந்தக் கம்பத்துக்கு ஒரு முழம் மல்லிகையைச் சுற்றியவரும் அவர்தான்.

வந்த விளக்கு என்ன செய்தது? காருக்குக் கண் திறந்தது. வேனுக்கு வழி விட்டது. பைக்குக்குப் பச்சை காட்டியது. அக்காவுக்கு? சிவப்பு. சிவப்பு. சிவப்பு!

இது புது மாதிரி சிக்னல். குறுக்கே போகிற பெரிய ரோடான ஈசிஆரில் எப்போதும் பச்சை இருக்கும். நம் தெருவில் வண்டி வந்து நின்றால் மட்டும் நமக்கு மாறும். ஆள் வந்தால் திறக்கிற கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் நிற்கிறோம். கதவு திறக்கவில்லை. அப்படியானால் நாம் ஆள் இல்லையா?

இந்தக் கேள்வி என்னைக் கொஞ்ச நாள் தூங்கவிடவில்லை. எதிரில் நிற்கிறேன். என் நிழல் ரோட்டில் விழுகிறது. ஆனால் நான் வந்ததாக அதற்குத் தெரியவில்லை.

மற்றவர்கள் இப்படியெல்லாம் யோசிக்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சிவப்பிலேயே மிதித்துப் போனார்கள். யார் யார் என்று நான் சொல்ல மாட்டேன். முன் வரிசையில் தலை குனிந்திருப்பவர்கள் நிமிரலாம்.

அக்கா போகவில்லை. நான் ஒருநாள் சொன்னேன்.

“ரோடு காலியாத்தானே கீது. வாக்கா, போலாம்.”

“நாமளே கேட்டு வாங்கின வெளக்கு, ஷாரோன். நாமளே அத்த மதிக்காம போனா, நாளைக்கு கார்க்காரன் மதிப்பானா?”

“விடுதில லேட்டாவுமே.”

“ஆவட்டும். கை ஒடைஞ்சது எனக்கு. உனக்கு இன்னா தெரியும்?”

எனக்கு ஒன்றும் தெரியாது. நானும் அவரோடு சிவப்பில் நின்றேன்.

லேட் ஆனது. விடுதி மேலாளர் கோபாலகிருஷ்ணன் சார் நல்ல மனிதர். அதோ, பின்னால் நிற்கிறார். அவர் குரலை உயர்த்தவில்லை. “பதருன்னிசாம்மா, வேலைக்குப் போற புள்ளைங்க பசியோட பஸ் ஏறுதுங்க. எனக்கு மனசு கேக்கல. இன்னொரு தபா லேட்டானா வேற ஆள் பாக்குறேன். கோச்சிக்காதீங்க.” அவ்வளவுதான் சொன்னார்.

சொந்தங்களே! இந்தச் சேதி தெருவில் பரவியதும் ஆளுக்கொரு விஞ்ஞானியானோம்.

முதல் விஞ்ஞானி, அக்காவின் வீட்டுக்காரர் காஜா மொய்தீன் பாய். ஐஸ் வியாபாரி. “அது கனம் பாக்குது. கீழ தராசு கீது. சைக்கிளுக்கு வெயிட்டு பத்தல,” என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு பெரிய பாளம் ஐஸை உமி போட்டுச் சாக்கில் சுற்றி, தன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். நின்றார். ஐஸ் சொட்டியது. ரோடு நனைந்தது. பாளம் தேங்காய் அளவுக்கு வந்தது. விளக்கு அசையவில்லை.

“இன்னா பாய், சிக்னலுக்கு சர்பத் ஊத்துறியா?” என்று ஒருவர் கேட்டார். அவர் யார் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது விஞ்ஞானி, எங்களோடு சைக்கிளில் வந்து நிற்கிற ஜெரோம். “கேமரா, மச்சான். கேமரா. ஒல்லியா கீறதால தெரில.” மஞ்சள் மழைக்கோட்டு மாட்டினார். குடை விரித்தார். கம்பத்தைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார். ஈசிஆரில் போன டூரிஸ்ட் பஸ் ஒன்று, தங்களைத்தான் வரவேற்கிறார் என்று நினைத்து ஜன்னல் ஜன்னலாகக் கை காட்டிவிட்டுப் போனது.

மூன்றாவதாக வந்தவர் விஞ்ஞானி அல்ல. அவர் ஓர் அற்புதம். சர்பத் கேள்வி கேட்ட அதே மோசஸ் அண்ணாத்த. அவர் டிவிஎஸ் ஃபிப்டியில் மீன் கூடையோடு வருவார். வந்து நின்றால் பச்சை! மறுநாள் நின்றார், பச்சை! தெருவே வியந்தது. “என் ராசி அப்படி,” என்றார். அதிலிருந்து சைக்கிள்காரர்கள் எல்லாரும் மோசஸ் அண்ணாத்த வரும்வரை காத்திருந்து, அவர் பின்னால் ஊர்வலமாகக் கடந்தோம். முன்னால் மீன், பின்னால் நாங்கள். அவரும் சும்மா வரவில்லை. “அக்கா, ராசிக்காரனுக்கு ரெண்டு இடியாப்பம் இல்லியா? தேங்காப்பால் தூக்கலா போடு!”

இதோ, எழுந்துவிட்டார். “யம்மா ஷாரோன், மேட கெடைச்சா மானத்த வாங்குறியே!” என்கிறார். உட்காருங்கள், அண்ணாத்த. உங்கள் மானம் பத்திரமாகத் திரும்பி வரும். இடியாப்பம்தான் வராது.

ராசியை நம்பிப் பிழைப்பு நடத்த முடியுமா? கடலுக்குப் போகாத நாளில் அவர் வரமாட்டார். அவர் வராத நாளில் பச்சையும் வராது. எங்கள் காலை, ஒரு மீன் கூடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் மழை பெய்தது.

நம் தெரு முனையில் இடது ஓரமாக ஒரு மதகு. அதற்கு ஒரு கட்டை. முழங்கால் உயரம். சைக்கிள்காரனுக்கென்றே செய்த மாதிரி. இறங்காமலே அதன் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்கலாம். எல்லாரும் அங்கேதான் நிற்போம். ஓரம். ஓரத்திலும் ஓரம். மழையன்று அந்த ஓரம் குளமாகிவிட்டது. அக்காவுக்கு வேறு வழியில்லை. ரோட்டின் நடுப்பக்கம் வந்து நின்றார். தாரில் கறுப்பாக ஒரு கோடு ஓடும், பார்த்திருப்பீர்கள். ஏதோ விரிசலை அடைத்தது என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கோட்டின் மேல் அவருடைய சக்கரம் இருந்தது.

காரில்லை. பைக்கில்லை. மோசஸ் அண்ணாத்த இல்லை. பச்சை!

“ஷாரோன்! எனக்கு வந்துகீது! எனக்கே எனக்கு!” என்று கத்தினார். கத்திய மகிழ்ச்சியில் கடக்க மறந்துவிட்டார். மறுபடி சிவப்பு. ஆனால் சைக்கிளை நகர்த்தவில்லை. மறுபடி பச்சை! சிரித்துக்கொண்டே போனார்.

அன்று கடை மூடியதும் வரலட்சுமி அம்மாவைத் தேடிப் போனேன். அவர் எளிமையாகச் சொன்னார். நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்தக் கறுப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு கம்பி இருக்கிறது. தாரை அறுத்து, உள்ளே சுற்றிப் புதைத்து, மேலே பூசியிருக்கிறார்கள். அதில் மெல்லிய மின்சாரம் ஓடுகிறது. மேலே உலோகம் வந்தால் அந்த ஓட்டம் லேசாக மாறும். அந்த மாற்றத்தைக் கம்பத்துப் பெட்டி உணர்ந்து, யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும். தராசு இல்லை. நம் சிக்னலில் கேமராவும் இல்லை. ராசி இல்லவே இல்லை. டிவிஎஸ் ஃபிப்டியில் இரும்பு அதிகம். அண்ணாத்த நிற்பதும் ரோட்டின் நடுவில். அவ்வளவுதான் அற்புதம்.

“சைக்கிளில் உலோகம் குறைவாச்சே?” என்று கேட்டேன். “குறைவுதான். ஆனால் சக்கரத்தின் ரிம் போதும். கம்பி போகிற கோட்டின் மேலேயே, கோட்டோடு கோடாகச் சக்கரத்தை வைத்து நிற்க வேண்டும். அந்த இடத்தில்தான் அதற்கு உணர்ச்சி கூடுதல். ஓரமாக நின்றால் கம்பிக்கு ஒன்றும் தெரியாது,” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்கே நிற்கணும்னு நாங்களும் குறி போடலையே,” என்றார்.

ஓரமாக நின்றால் தெரியாது. வீடு வரைக்கும் இந்த வார்த்தை என்னோடு வந்தது.

தாய்மார்களே! பெரியோர்களே! நம்மை ஓரமாக நிற்கச் சொன்னது யார்? சிக்னல் சொன்னதா? சட்டம் சொன்னதா? சைக்கிள் கற்ற முதல் நாளே சொன்னார்கள்: ஓரமாப் போ. வண்டி வருது, ஓரமாப் போ. பெரிய மனுஷன் வர்றார், ஓரமாப் போ. நம் முன்னோர்கள் நெல்லறுத்த வயல்களின் வரப்பிலும் அதையேதான் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு நம் கால்கள் தாமாகவே ஓரம் தேடின. மதகுக் கட்டை வசதி என்றோம். பழக்கம் என்றோம். நிற்க வேண்டிய இடம் நடுவில் இருந்தது. நின்ற இடம் ஓரத்தில் இருந்தது. விளக்கு குருடு என்று திட்டினோம். விளக்குக்கு யார் மேலும் கோபம் இல்லை, சொந்தங்களே! கோட்டின் மேல் நின்றால் அது காரை அறியும், சைக்கிளையும் அறியும். பணக்காரனா, பாமரனா என்று கேட்காமல் அறியும்!

கை தட்டுவதை நிறுத்துங்கள். கதை முடியவில்லை. தெரிந்துகொள்வது வேறு. தெரிந்த இடத்தில் போய் நிற்பது வேறு.

வரலட்சுமி அம்மா சொன்னதை அக்காவிடமும் அப்படியே சொல்லியிருந்தேன். மழை விட்டது. குளம் வற்றியது. விடுதியில் சொன்ன கடைசி வாய்ப்பு இன்னும் அப்படியே இருந்தது. அன்று கடலில் காற்று. மோசஸ் அண்ணாத்த வரவில்லை. நாங்கள் இருவரும் முக்குக்கு வந்தோம். என் கால், வெட்கத்தோடு சொல்கிறேன், தானாக மதகுக் கட்டைக்குப் போனது. அக்கா போகவில்லை. நடுவுக்குப் போனார். கோட்டின் மேல் சக்கரத்தை வைத்தார்.

பின்னால் ஒரு கார் வந்தது. கடலோர ரிசார்ட்டிலிருந்து வருகிற பெரிய கார். ஹாரன். அக்கா திரும்பவில்லை. மறுபடி ஹாரன். நீளமாக. கண்ணாடி இறங்கியது.

“யம்மா! நடு ரோட்ல இன்னா வேடிக்க? ஓரமா நில்லு!”

பிடியில் இருந்த அக்காவின் கையை நான் பார்த்தேன். இதே முக்கு. இதே கை. முன்பும் ஒரு கார். சக்கரம் ஒரு விரலளவு ஓரத்துக்கு நகர்ந்தது. நின்றது. மறுபடி கோட்டுக்கு வந்தது.

திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

“தம்பி, நானும் இதே ரோட்டுக்குத்தான் வந்துகீறேன். செத்த பொறு. நான் நிக்கிறதாலதான் உனக்கும் பச்ச வரப்போவுது.”

பச்சை வந்தது.

அக்கா மிதித்தார். பின்னாலேயே நான். எங்கள் பின்னால், மெதுவாக, அவ்வளவு பெரிய கார். ஈசிஆர் முழுக்க எங்களுக்காக நின்றது. விடுதி வாசலில் மூடியைத் திறந்தபோது ஆவி கோபாலகிருஷ்ணன் சாரின் கண்ணாடியை மறைத்தது. அவர் அதைத் துடைத்துக்கொண்டே, “நாளைக்கும் இதே மாதிரி வந்துடுங்கம்மா,” என்றார்.

அந்த நாளைகள்தான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன.

வரலட்சுமி அம்மா பெட்டியின் உணர்ச்சியைச் சைக்கிளுக்குத் தகுந்த மாதிரி கூட்டிவைத்தார். நிற்க வேண்டிய இடத்தில், இன்று மதியம், வெள்ளை வர்ணத்தில் ஒரு சைக்கிள் படம் வரையச் செய்தார். அதற்குத்தான் இந்தப் பந்தல், இந்த மைக், இந்த மகிழ்ச்சி. அம்மாவுக்கு நம் நன்றி. வெயிலில் நின்று வர்ணம் பூசியவர்களுக்கு நன்றி. ஐஸ் கரைத்தவருக்கும் குடை விரித்தவருக்கும் நன்றி; தப்பாகவாவது முயன்றார்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி.

வர்ணம் இன்னும் ஈரம். இன்றிரவு யாரும் மிதிக்க வேண்டாம். நாளைக் காலை அதன் மேல் முதல் சக்கரம் பதருன்னிசாக்காவுடையது. அவருக்குப் பின்னால் வண்டியில் வரப்போகிறவர் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். அவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஹாரனிலிருந்து கையை எடுங்கள். கொஞ்சம் பொறுங்கள். அவர் வந்திருப்பது விளக்குக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும்.

நடுவில் நிற்கப் போகிற எல்லாருக்கும் என் அன்பு வணக்கம்!