ஸ்டியரிங் அண்ணன் வரைந்த நாற்பத்தொரு முகங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் தீயணைப்புத் துறைப் பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணியாரே, சீருடையோடு வந்திருக்கும் என் தோழர்களே, அண்ணன் வரைந்த படங்களை மார்போடு அணைத்து வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் என் வணக்கம்.

எங்கள் நிலையத்தின் மூத்த ஓட்டுநர், ஓவியர், 'ஸ்டியரிங் அண்ணன்' சென்ற செவ்வாய்க்கிழமை மாரடைப்பால் நம்மை விட்டுப் பிரிந்தார். ஓவியர்! ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இப்படிச் சொல்லியிருந்தால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்த்திருப்பார்.

இருபத்தெட்டு ஆண்டுகள் தீயணைப்பு வண்டி ஓட்டினார். ஐம்பத்தைந்தாம் வயதில், எரிந்த கிடங்கின் சுவர் சரிந்து அவர் கால் நசுங்கியது. ஊன்றுகோலோடு திரும்பியவரை அலுவலகத்தில் உட்காரவைத்தோம். விபத்து நடந்த இடத்தைப் பார்த்து, அறிக்கைக்கு வரைபடம் போடும் வேலையை நிலைய அதிகாரியான நான்தான் கொடுத்தேன்.

முதல் படத்திலேயே எரிந்த வீட்டுக்கு முன்னால் ஒரு முதியவரையும் வரைந்திருந்தார். நான் சிடுசிடுத்தேன்.

"அண்ணே, வாசல், ஜன்னல், ஏணி நின்ன இடம் போதும். இந்தப் பெரியவர் எதுக்கு?"

"அவரு அங்கதான் சார் உட்கார்ந்திருந்தாரு. செருப்பைக் கால் மாத்திப் போட்டுக்கிட்டு."

திரும்ப வரையச் சொன்னேன். வரைந்தார். அதன்பின் இரண்டு மாதம் அவர் படங்களில் மனிதர்களே இல்லை. அந்தப் பாவம் என்னுடையது. இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு ஒரு தையற்காரம்மா தீ விபத்துச் சான்றிதழ் வாங்க வந்தார். வீடு முழுவதும் எரிந்துபோயிருந்தது. "எங்க வீட்டுக்காரர் செத்து ஆறு வருஷம் ஆச்சு சார். அவரு போட்டோ ஒண்ணுகூட மிஞ்சல" என்றார். அண்ணன் மேசையிலிருந்து நிமிர்ந்தார். "எப்படி இருப்பாருன்னு சொல்லும்மா" என்றார்.

இரண்டு நாள் வரைந்தார், அழித்தார். மூக்கு வரவில்லை. பென்சிலை வைத்துவிட்டு எழுந்தார்.

"எனக்கு இதெல்லாம் வராதும்மா. நான் வண்டி ஓட்டுறவன்."

"வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கேண்ணா. போறதுக்கு எனக்கு வீடா இருக்கு?"

அவர் மறுபடி உட்கார்ந்தார். மூன்றாம் நாள் அந்த அம்மா படத்தைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார்! "என்னத்துக்கு இப்படி முறைக்கிறாரு? அவரேதான்!" என்றார். பிறகுதான் அழுதார். "கீழ உங்க பேரைப் போடுங்கண்ணா" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அண்ணன் ஒரு படத்தில் தன் பெயரைப் போட்டது அதுதான் முதல்முறை.

அதன்பின் அவரை யாரால் நிறுத்த முடிந்தது? ஓய்வு பெற்றபின்னும் ஞாயிறு தவறாமல் வந்தார். தீயில் படங்களை இழந்த குடும்பங்களுக்காக நாற்பத்தொரு முகங்கள்! வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, வண்டிக் கொட்டகையில் கண்காட்சி வைத்தோம். "மளிகைச் சீட்டைக்கூட கோணலா எழுதுற மனுஷன்ங்க இவரு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார் அண்ணியார். "இத்தனை வருஷம் ஏன் வரையல?" என்று ஒரு நிருபர் கேட்டார். "யாரும் கேக்கல. நானும் என்னைக் கேட்டுக்கல" என்றார் அண்ணன். அன்று அவர் குரலில் தயக்கம் இருந்ததா? இல்லை! ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து நின்றார். அந்த நிமிர்வைப் பார்த்தவன் நான்.

தோழர்களே, அவர் விட்டுச்சென்ற பணி நிற்காது. எங்கள் நிலையத்தில் நான்கு பேர் ஓவிய வகுப்பில் சேர்ந்திருக்கிறோம். அதில் ஒருவன் நான். எனக்கு வயது ஐம்பத்தாறு. நேற்று ஒரு காது வரைந்தேன். ஆசிரியர் அதைப் பார்த்து, "இது சங்கா?" என்று கேட்டார். சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள்! ஆனால் இனி ஒரு வீடு எரிந்து, அங்கே ஒரு முகம் தொலைந்துபோனால், நேராக எங்கள் நிலையத்துக்கு வாருங்கள். காது காதாக வரும்வரை வரைவோம். இது எங்கள் உறுதிமொழி!