வெள்ளிமலைக் கிடங்கிலிருந்து நான்காவது மெயில்

சாயங்காலம் ஆறே முக்கால். வடக்கனந்தலைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற ரோடு. முன்னால் ஒரு விளக்கு இல்லை, பின்னாலும் இல்லை... ஒரே ஒரு ஜீப் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறியது.

ஓட்டியவர் தீனதயாளன். என் நண்பன் ஆதிமூலத்துக்கு மைத்துனர். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். இது மெயில் அனுப்பிய பேயின் கதை. அப்புறம் சிரிப்பு வராது.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு ஜவ்வரிசிக் கம்பெனி. அங்கே மெயில் சர்வர் தீனதயாளன் பொறுப்பு. அவர் மனைவி செந்தமிழ்ச்செல்விக்கு அதே கம்பெனியின் வெள்ளிமலைக் கிடங்கில் வேலை. மலைக்காரர்கள் கொண்டுவரும் மரவள்ளியை எடை போட்டு எழுதுவாள். வாரமெல்லாம் அங்கேயே தங்கல். அந்த இடத்தில் போன் எடுக்காது. இருந்தது கம்பெனி இழுத்துக் கொடுத்த நெட் லைன் ஒன்றுதான். அதிலும் கம்பெனி ஆட்களுக்கு மட்டுமே மெயில் போகும்.

மனுஷன் சும்மா இருப்பாரா? செல்வி மெயில் மட்டும் ஆபீஸ் பெட்டியில் தங்காமல், நேரே தன் சொந்த மெயிலுக்குத் தாவும்படி ஓர் ஏற்பாடு செய்துவைத்தார். "சாப்டீங்களா?" "புள்ள ஒதைக்குது." நாளெல்லாம் போனில் டிங்... டிங்... ஆறு வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை. ஏழு மாசம்.

2020 டிசம்பர். இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடுபிடித்த நேரம். கம்பெனியின் ரேட் விவரம் வெளியே கசிகிறது என்று முதலாளிக்குச் சந்தேகம். "யாரு மெயிலும் தானா வெளிய போவக் கூடாது" என்றார். அன்று சனிக்கிழமை. தீனதயாளன் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடையாகப் போட்டார். மேனேஜர் மெயிலைச் சோதித்தார், கணக்கர் மெயிலைச் சோதித்தார்... செல்வி மெயிலுக்குத் தான் செய்துவைத்த ஏற்பாட்டை மறந்துவிட்டார்.

மறுநாள் சர்வருக்குப் பேட்டரி வாங்க உளுந்தூர்பேட்டை போனார். திடீர் மறியல். பஸ் நகரவில்லை. சாயங்காலம் வரை டீக்கடை பெஞ்சுதான். போனை எடுத்து எடுத்துப் பார்த்தார், சத்தமே இல்லை. "இன்னைக்கு எங்க வூட்டம்மா நல்லாத் தூங்கிக்கினு கீது போல" என்று கடைக்காரரிடம் சிரித்தாராம்.

அன்றைக்குத்தான் செல்வி மலையில் செத்துப்போனாள். வயிற்றுப் பிள்ளையும்.

ஒன்றேகால் வருஷம் அவர் நெஞ்சில் ஒரே கேள்வி. "எனக்கு ஒரு வரி போடணும்னு தோணலியா அவளுக்கு?" கோபம்கூடப் பட்டார், பாவி மனுஷன்.

பிறகு ஒரு நாள், சேலத்து வியாபாரி ஒருவருக்கு மெயில் போய்ச் சேரவில்லை என்று புகார் வந்தது. எங்கே நிற்கிறது என்று பார்க்க, சர்வர் தடுத்துவைத்திருந்த மெயில்களைத் திறந்தார். ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினார்... அடியில் மூன்று. அனுப்பியது செல்வி.

காலை 11.10. "வயிறு ஒரு மாதிரி இழுக்குதுங்க. ஜீப்ப அனுப்புங்க."

12.40. "ரத்தம் போவுது. காவக்கார வெள்ளையன் பைக்ல போலாங்கறான். எங்க வூட்டுக்காரரு ஜீப் அனுப்புவாருன்னு சொல்லிட்டேன்."

2.05. "இன்னா பண்றீங்க? பயமா இருக்குதுங்க."

டிரைவருக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஜீப் மேலே ஏறியிருக்கும். அவரை நம்பித்தான் அவள் பைக்கில் ஏறவில்லை. தீனதயாளன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கேட்க யாருமில்லை. அழுது முடித்துத் தன் பெட்டிக்குப் போட்ட தடையை எடுத்தார். போன் அடித்தது. டிங்... டிங்... டிங்...

கம்பெனி ஜீப்பை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே கிளம்பினார். போய் என்ன செய்யப் போகிறார்? அவருக்கே தெரியாது.

மூன்றாவது வளைவு. சிக்னல் போய் அரை மணி ஆகியிருந்தது.

டிங்...

வண்டியை நிறுத்திப் பார்த்தார். செல்வி பெயர். "ஜீப் சத்தம் கேக்குது. மெதுவா வாங்க."

பயந்து திரும்பியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. இன்னும் வேகமாக மிதித்தார்.

கிடங்கு வாசலில் காவல்காரன் வெள்ளையன் டார்ச்சோடு நின்றான். செல்வி போனதிலிருந்து அந்தக் கிடங்கு பூட்டித்தான் கிடந்தது. கம்ப்யூட்டரை அப்போதே கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

"உள்ள போவாதீங்க சார். சாயங்காலத்துலேர்ந்து டைப் அடிக்கிற சத்தம் கேட்டுக்கினே கீது..."

கதவைத் திறந்தார்கள். அப்போதுதான் உரித்த மாதிரி பச்சை மரவள்ளித் தோல் வாசனை. ஒரு வருஷமாக அங்கே ஒரு கிழங்கு வந்ததில்லை. வெறும் மேசை. தரையெல்லாம் விரல் தடிமனுக்குச் செம்மண் புழுதி. அதில் ஒரு தடம்கூட இல்லை. டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

டிங்...

வெள்ளையனும் எட்டிப் படித்தானாம். "நீங்க வரதுக்குள்ள உங்க புள்ள நடக்கவே ஆரம்பிச்சுட்டான்."

தீனதயாளன் வாசற்படியிலேயே குந்தி உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் ஊற்றியது. இரண்டு கைகளையும் இருட்டைப் பார்த்து நீட்டினார்.

"வாடா... அப்பாகிட்ட வாடா..."

டார்ச் வெளிச்சத்தில், மேசைக்குப் பக்கத்துப் புழுதியில் ஒரு சின்னக் காலடி பதிந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. நடுவில் விழுந்து எழுந்த மாதிரி இரண்டு உள்ளங்கை... அப்புறம் மறுபடியும் காலடி, அவர் கையைப் பார்த்து.