கரண்டி பிடித்த கை

— பொய் சொல்லாதீங்க ஐயா. இந்தக் கரண்டிப் பிடி ஏன் இப்படித் தேஞ்சு கெடக்கு?

— தேயாம என்ன பண்ணும் கண்ணு? சைக்கிள் டியூபைச் சுத்திக் குடுத்துட்டுப் போனே. டியூபுன்னாத் தேயத்தான் செய்யும்.

— ஆணியில தொங்கிக்கிட்டே தேயுமா? போன செவ்வாக்கெழமை கேட்டப்ப, 'தூக்கவே முடியல கண்ணு, கை வெடவெடங்குது'ன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டீங்க. இங்க பாருங்க, டியூப் இடுக்குல சாமைச் சோத்துப் பருக்கை காஞ்சு ஒட்டியிருக்கு.

— அட கெரகமே! அது அத்தாயி ஊட்டிவுடறப்பச் செதறியிருக்கும்.

— அம்மா கரண்டியிலயா ஊட்டறாங்க? கையில உருட்டித்தானே உங்க வாயில வெக்கிறாங்க?

— நீ கை டாக்டரா, இல்ல போலீஸ்காரியா?

— ரெண்டும் இல்ல. நான் லூர்துசெல்வி, மிஷன் ஆஸ்பத்திரி ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். எட்டு மாசமா வாரம் தவறாம இந்த வாழவந்தி மேடு ஏறி வர்றேன், இன்னும் பேரு பழகலையா?

— அந்தப் பேரு நம்ம வாயில நுழைஞ்சாத்தானே! டாக்டருங்க எல்லாம் எங்க வலிக்குதுன்னு கேப்பாங்க. நீ மொத நாளே, 'ஐயா, காலைல எந்திரிச்சதும் என்னென்ன வேலை செய்வீங்க?'ன்னு கேட்டே. பீடி பத்தவெப்பேன்னு சொன்னேன்.

— அது ஒண்ணைத் தவிர மிச்சத்தை எல்லாம் திரும்பச் செய்ய வெச்சேனா இல்லியா? இழுத்துக்கிட்ட கையை மொதல்ல சட்டைக்குள்ள வுடணும், நல்ல கையை அப்புறம்னு பழக்கினேன். கட்டில்ல கயிறு கட்டி, அதைப் புடிச்சுத் தானா எந்திரிக்க வெச்சேன். கக்கூஸுக்குப் போற வழி முழுக்க சில்வர் ஓக் கம்புல கைப்பிடி. குளிக்க முக்காலி. ஆனா அந்த நல்ல கையால சாப்பிடுங்கன்னு சொன்ன அன்னைக்கு மட்டும் என்னை அடிக்காத கொறைதான்.

— பின்ன? பீச்சாங்கையில சோறு திங்கறதுக்குப் பட்டினி கெடந்து சாவலாம்.

— அதனாலதான் வலது கைக்கே தடியாப் பிடி வெச்சு இந்தக் கரண்டி. தட்டு நழுவாம இருக்க அடியில ஈரத்துணி. மூணு மாசப் பயிற்சி. சரி, அம்மா எங்க?

— மாட்டைப் புடிச்சுக்கிட்டு மேய்ச்சலுக்குப் போயிருக்கா. கொஞ்சம் கிட்ட வா கண்ணு. யாருக்கும் சொல்லக் கூடாது. நாப்பது நாளா நானேதான் திங்கறேன்.

— நாப்பது நாளா!

— கத்தாத! அவ அந்தப் பக்கம் போனதும் சோத்துச் சட்டியையும் கொழம்புச் சட்டியையும் தொறந்து நாலு வாய் போடறது. ஒரு பருக்கை சிந்தாது. அவ திரும்பி வந்து பாத்துட்டுப் பூனைதான் தின்னுடுச்சுன்னு வெளக்குமாத்த எடுத்துக்கிட்டுத் தொரத்தறா. அது பாவம், எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஓடும்.

— ஐயா, ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய விசயம் இது! இதைப் போயி மறைப்பாங்களா? உங்க பையன் ராஜேந்திரன் எழுதின இன்லண்டு லெட்டர் இதோ பையில இருக்கு. 'அப்பாவால தானாச் சாப்பிட முடியலைன்னா, அம்மா ஒத்தையாப் பாத்துக்க முடியாது. தோட்டத்தைக் குத்தகைக்கு வுட்டுட்டு ரெண்டு பேரையும் சேலத்துக்கே கூட்டிக்கிட்டு வந்துடறேன். முடியுமா முடியாதான்னு உங்க கையால எழுதிக் குடுங்க'ன்னு கேட்டிருக்கார். பதினொரு மணி பஸ்ஸுல வர்றார். நான் இன்னைக்கு எழுதியாகணும்.

— எழுதேன். நடக்கறாரு, குளிக்கறாரு, வேட்டி கட்டறாரு, காப்பிப் பழங்கூடப் பறிக்கறாருன்னு நல்லாவே எழுது. சாப்பிட மட்டும் முடியலன்னு ஒரு வரி சேத்துடு.

— அந்த ஒண்ணைத்தானே அவர் கேட்டிருக்கார்!

— சேலத்துக்கு என்னால போவ முடியாது. அங்க ஊட்டுக்குள்ள உக்காந்தா வேர்க்குது, வெளிய நின்னா லாரி இடிக்குது. ஆனா அத்தாயி ஊட்டறதும் நிக்கக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழியாப் பாத்து எழுது. படிச்ச புள்ளைதானே?

— காரணத்தைச் சொல்லுங்க, பாக்கலாம்.

— சொன்னாச் சிரிப்பே.

— மாட்டேன்.

— உங்க மாதா மேல சத்தியம்?

— சத்தியம்.

— அத்தாயி எங்கூட ஒம்பது வருசம் பேசாம இருந்தவ.

— என்ன ஐயா இது! நான் வர்றப்பல்லாம் வாய் ஓயாம உங்களைத் திட்டிக்கிட்டேதானே இருக்காங்க?

— அது கை இழுத்துக்கிட்ட பொறவு. அதுக்கு முன்னால ஒம்பது வருசம் ஒரே ஊடு, ஒரே அடுப்பு, பேச்சு மட்டும் கெடையாது. எதுன்னாலும் மாட்டுக்கிட்டத்தான் சொல்லுவா. 'ஏ செவலை, சோறு ஆறுதுன்னு சொல்லு'ம்பா. நானும் விடுவேனா? 'செவலை, கொழம்புல உப்பு பத்தலைன்னு சொல்லு'ம்பேன். ராஜேந்திரனுக்குப் பொண்ணு பாத்ததே மாடு வழியாத்தான் கண்ணு... சத்தியம் பண்ணினியே!

— மன்னிச்சிடுங்க ஐயா, முடியல. எதுக்கு இப்படி ஒரு கோவம்?

— ராஜேந்திரன் பொறந்த வருசம் அவ ஒரு பலாக்கண்ணு நட்டா. அது வளந்து பந்தலு மாதிரி நெழலு புடிச்சுக்கிச்சு. அடியில காப்பி காய்க்கல. ஒரு நா அவ ஏக்காட்டுச் சந்தைக்குப் போன நேரத்துல வெட்டிப்புட்டேன். கேக்கணும்னே தோணல. கேட்டிருந்தா ரெண்டு கெளையோட போயிருக்கும்.

— அப்புறம் எப்படிப் பேச ஆரம்பிச்சாங்க?

— ஆஸ்பத்திரியிலருந்து வந்த மொத நா, சோத்தை உருட்டிக்கிட்டு வந்து எம் முன்னால உக்காந்தா. 'வாயைத் தொறங்க'ன்னா. ஒம்பது வருசத்துல எங்கிட்ட நேராச் சொன்ன மொத வார்த்தை அதுதான் கண்ணு. அப்புறம் மடை தொறந்தாப்பல ஆயிப்போச்சு. மொத உருண்டைக்கு மருமவளைத் திட்டுவா. ரெண்டாவதுக்கு ரேசன் கடைக்காரனை. மூணாவதுக்கு என்னை. அஞ்சாவது ஆறாவதுக்கெல்லாம் சிரிச்சுக்கிட்டே திட்டுவா. நான் பாட்டுக்குக் கரண்டிய எடுத்துத் தின்னா, அவ தட்டை வெச்சுட்டுப் போயிடுவா. மறுபடியும் செவலைதான்.

— அதுக்காகக் கை வரலைன்னு பொய் எழுதச் சொல்றீங்களா?

— பேசாம இரு, செருப்புச் சத்தம் கேக்குது. வந்துட்டா!

— வா சாமி, ஜீப்பு மேட்டுல நிக்கறதைப் பாத்தேன். காப்பி குடிச்சியா? ம்க்கும், எங்க குடிச்சிருப்பே! இந்த மனுசன் வாயைத் தொறந்து ஒரு வாய் தண்ணி குடின்னு சொல்லியிருக்க மாட்டாரே.

— காப்பி அப்புறம் ஆகட்டும்மா. ஐயா இன்னும் சாப்பிடலை போலிருக்கு. சோத்தைப் போட்டுக் கொண்டாங்க. இன்னைக்கு நீங்க ஊட்டக் கூடாது, தள்ளி உக்காருங்க. உங்க பையனுக்கு எழுதறதுக்கு முன்னால என் கண்ணால ஒரு தடவை பாத்துக்கணும்.

— பசியில இருக்கற மனுசன வேடிக்கை பாக்கச் சொல்றியே சாமி! இந்தாங்க, சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் கொழம்பும். ஈரத்துணி வெச்சுட்டேன். கரண்டியப் புடிங்க, பாக்கலாம்.

— இதா புடிச்சுட்டேன்... ஐயோ, நடுங்குதே! பாத்தியா கண்ணு, போச்சு, கீழ வுழுந்துடுச்சு.

— வுழறதுக்கும் வுடறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும் ஐயா.

— வுடு சாமி, அவரை வெரட்டாத. நீயும் உன்னால ஆனதைப் பண்ணிட்டே. நானும் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். துணிமணி எல்லாம் மூட்டை கட்டியாச்சு. செவலையக் கொண்டு போயிப் பக்கத்து ஊட்டுக் காவேரி தொழுவத்துல கட்டிட்டுத்தான் வர்றேன்.

— என்னது! மேய்க்கத்தானே போனே?

— மேய்க்கத்தான்னு சொன்னேன். நெசத்தைச் சொன்னா நீங்க சோறு திங்க மாட்டீங்க. இன்னைக்கே ராஜேந்திரனோட கெளம்பிடுவோம்.

— அம்மா, உங்களுக்குச் சேலம் போக இஷ்டமா?

— இஷ்டமாவது! இவரு ஆஸ்பத்திரியில கெடந்த இருவது நாளைத் தவிர நான் இந்த மலையை வுட்டு எறங்கிப் படுத்ததில்ல. அந்த இருவது நாளும் எனக்கு மூச்சே வரலை. ஆனா ஒண்ணு நெனச்சுப் பாரு சாமி. நாளைக்கு நான் ஒரு காய்ச்சல்ல வுழுந்தா, இவரு வாயில யாரு சோறு வெப்பா? தட்டு முன்னாலயே இருக்கும், இவரு பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாரு. அந்தப் பயத்துல எனக்குத் தூக்கமே வர்றதில்ல. அங்கன்னா மருமவ இருக்கா. மொணகிக்கிட்டாவது வெப்பா.

— அத்தாயி.

— என்னங்க?

— அந்தக் கரண்டியக் கழுவிக் குடு.

— எதுக்குங்க? நான் உருட்டித் தர்றேன், வாயைத் தொறங்க.

— குடுன்னு சொல்றேன்ல.

— இந்தாங்க. பாத்து... பாத்து... ஏனுங்க! வாய்க்குப் போயிடுச்சே! இன்னொரு வாய் எடுங்க... சிந்தவே இல்ல! சாமி, பாத்தியா? கொழம்போட போவுது! நடுங்கக்கூட இல்லியே!

— நல்லாப் பாத்தேன்மா.

— இது இன்னைக்கு வந்த கையில்ல. இப்படிப் புடிக்கறாரு, பழகின கை மாதிரி. ஏனுங்க, எத்தனை நாளா?

— நாப்பது நாளா.

— நாப்பது நாளா! அப்ப அந்தக் கொழம்புச் சட்டி... அந்தப் பூனை?

— பூனை இல்ல. நாந்தான்.

— அட பாவி மனுசா! அதை வெளக்குமாத்தால அடிச்சுத் தொரத்தினேனே! எதுக்குங்க மறைச்சீங்க? நாப்பது நாளும் நான் ராத்திரி முழிச்சுக் கெடந்தேனே!

— ஐயா, நீங்களே சொல்லிடுங்க.

— என்னத்தச் சொல்றது... ஊட்டறது நின்னுபோச்சுன்னா, நீ திரும்பவும் மாட்டுக்கிட்டப் பேசப் போயிடுவேன்னுதான்.

— அம்மா, எங்க போறீங்க? அம்மா!

— கூப்புடாத கண்ணு. அடுப்படிக்குப் போயிட்டா. பாத்தியா, வாயே தொறக்காம போறா. ஒம்பது வருசமும் இப்படித்தான் போவா. நடையப் பாத்தாலே எனக்குத் தெரியும்.

— நான் போயிப் பேசிப் பாக்கட்டுமா?

— வேண்டாம். நீ காயிதத்தை எடு. பஸ்ஸு கொண்டை ஊசி வளைவுல ஹாரன் அடிக்கறான், ராஜேந்திரன் வந்துடுவான். உள்ளது உள்ளபடி எழுது.

— நெசமாவா ஐயா?

— நெசமாத்தான். அவ இந்த மலையில இருக்கட்டும். பேச்சு போனாப் போவுது. எழுது.

— சரி, கேளுங்க. 'உங்க அப்பா ஐயாக்கண்ணு தானா எந்திரிக்கிறார், குளிக்கிறார், துணி உடுத்தறார், தன் கையால சாப்பிடறார். இந்த வீட்டுல அவருக்கு எந்த வேலைக்கும் இன்னொருத்தர் கை தேவையில்ல. ரெண்டு பேரும் வாழவந்தியிலயே இருக்கலாம்.' இது போதுமா?

— போதும் கண்ணு. கையெழுத்தைப் போடு... அத்தாயி, என்னது அது, இன்னொரு தட்டு? எனக்கு வயிறு நெறைஞ்சுபோச்சு.

— உங்களுக்குன்னு யாரு சொன்னா? கொஞ்சம் நவுந்து உக்காருங்க. கண்ணாலம் ஆயி நாப்பத்தி மூணு வருசமா நீங்க தின்னு முடிச்ச பொறவு, ஆறிப்போனதைத் தனியா உக்காந்து தின்னுக்கிட்டுக் கெடக்கறேன். இப்பத்தான் எங் கைக்கு வேலை இல்லியே, இனிமே நானும் உங்க பக்கத்துல உக்காந்து சூடாத் தின்னுக்கிட்டே திட்டறேன்!