டாக்டர் இறங்கி வரவில்லை

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் சர்வர் அறையில் வேலை செய்கிறவனுக்கு மூட்டுவலி சீக்கிரம் வந்துவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா. நாள் முழுக்கக் குளிர். அதனால்தான் நம் உபோன் ஊர் வெயிலிலும் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறேன்.

சோங்க்ரான் தண்ணீர்த் திருவிழா முடிந்த மறுநாள் இடிமழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. சர்வர் மறுபடி எழுந்தபோது நிர்வாகிக் கணக்கு கெட்டுப்போயிருந்தது. சரியான கடவுச்சொல்லைப் போட்டாலும் உள்ளே விடவில்லை. அதை நான் செய்யவில்லை, அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நோயாளிகளின் விவரமெல்லாம் அதற்குள்தான். பழைய காகிதங்களை எங்கள் இயக்குநர் டாக்டர் பிரமோத் போன வருஷமே எடைக்குப் போட்டுவிட்டார்.

அதே டாக்டர்தான் முந்தின வாரக் கூட்டத்தில் என்னைக் காட்டி, "தேச்சாவுக்கு என்னப்பா, ஏசியில தூங்குறதுக்குச் சம்பளம்" என்றார். என் வேலைக்கு பாங்காக்கிலிருந்து ஒரு கம்பெனி வரப்போகிறதாம். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் சிரித்தால் கூடச் சிரிக்க வேண்டுமே, நானும் சிரித்து வைத்தேன்.

சர்வர் படுத்ததும் அவசரப் பிரிவு நர்ஸ் சுனிசா ஓடி வந்தாள். நல்ல பெண். கைகூப்பிவிட்டுத்தான் பேசினாள். காலில் சீழ் வைத்து, காய்ச்சலில் நினைவு தப்பிய ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருக்கிறார்கள், பெயர் புவா, ஊசி போடுமுன் பழைய விவரம் பார்க்க வேண்டும் என்றாள். புவா அக்காவை எனக்குத் தெரியாதா என்ன? ஆஸ்பத்திரி வாசலில் நூடுல்ஸ் விற்பவள். எனக்கு மட்டும் ஈரல் இரண்டு துண்டு கூடப் போடுவாள்.

"பார்த்துக்கிட்டிருக்கேம்மா" என்றேன்.

"சரிண்ணே. தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கங்க."

மூத்தவனை அவசரப்படுத்துவது எங்களில் மரியாதை இல்லை. அடுத்த முறை வந்தபோது அவள் வாயே திறக்கவில்லை. கதவோரம் நின்று என் கைகளையே பார்த்தாள், கண் கலங்கிப் போயிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

டாக்டர் வருவார் என்று காத்திருந்தேன். அவர் அறை இரண்டு மாடி மேலேதான். இறங்கி வந்து, 'தேச்சா, உன்னை விட்டா ஆளில்லப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவரோ ஆளனுப்பி, சர்வர் சரியாகட்டும் என்று வளாகத்துக் காவல் ஆவியின் மாடத்தில் சிவப்பு சோடா படைக்கச் சொன்னார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டிலைத் திறந்து, உறிஞ்சுகுழல்கூடப் போட்டு வைத்தார்கள். ஆவிக்கு அவ்வளவு உபசாரம். எனக்குப் பச்சைத் தண்ணீர்கூட இல்லை.

கடைசியாக வந்தபோது சுனிசாவுக்கு மூச்சு வாங்கியது.

"இனிமே காத்திருக்க முடியாதுன்னுட்டாங்கண்ணே. பென்சிலின் போடப் போறாங்க. ஒண்ணும் ஆகாதில்ல?"

"நான் என்னம்மா பண்ண முடியும்?" என்றேன்.

அவள் மறுபடி கைகூப்பிவிட்டுப் போனாள். ஊசி போட்ட கொஞ்ச நேரத்திலேயே புவா அக்காவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எவ்வளவோ பார்த்தார்கள், காப்பாற்ற முடியவில்லை. ஊசி போட்டது நானில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

சர்வரை எப்போது திறந்தாய் என்றுதானே கேட்கிறீர்கள்? அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மீட்பு வட்டைப் போட்டு, உள்ளே முடக்கி வைத்திருக்கும் மாற்றுக் கணக்கை எழுப்பி, அதன் வழியாகப் புதிதாக ஒரு நிர்வாகியை உண்டாக்கினால் முடிந்தது. காபி ஆறுவதற்குள் செய்துவிடலாம். சுனிசா முதல் முறை வந்து போன கையோடு செய்துவிட்டேன். உள்ளே போனதும் புவா அக்காவின் பக்கத்தைத்தான் திறந்தேன், அக்கறை இல்லாமலா? பென்சிலின் ஆகாது என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அதன்பிறகு அந்தப் பெண்ணின் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரையை அணைத்துக்கொண்டேன். சொல்லியிருந்தால் திறந்துவிட்டது தெரிந்துபோகும். அப்புறம் டாக்டர் எதற்காக இறங்கி வரப்போகிறார்?

சுனிசாவை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்துக் கத்தியிருந்தால் சொல்லியிருப்பேன். உயிர் போகிற நேரத்தில் இவ்வளவு மரியாதை பார்க்கலாமா ஐயா, நீங்களே அவளிடம் கேளுங்கள்.